குளிர்காற்று சொன்ன சேதி



பகாவ் வட்டாரத்துத் தோட்டப் பள்ளி ஆசிரியன் ஒருவன், காருக்குள் சூடு கொடுக்கும் ஹீட்டரைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறான் என்றால் உங்களுக்குச் சிரிப்பு வரும். வரட்டும். என் மனைவியே சிரித்தாள். "நம்ம ஊரு வெயிலுக்கு ஹீட்டர் ஒண்ணுதான் குறைச்சலா இருந்துச்சு" என்றாள். அவள் சொல்வதிலும் தப்பில்லை. செம்பனைக் காட்டோரம் நிறுத்திவிட்டுப் போன காரின் கதவை நடுப்பகலில் வந்து திறந்தவர்களுக்குத் தெரியும், நமக்கு வேண்டியது சூடா குளிரா என்று.

ஆனால் அந்த ஹீட்டரைப் பற்றி நான் கற்றுக்கொண்ட பாடத்துக்கு, என்னைப் பெற்ற தாயின் உயிரையே விலையாகக் கொடுத்திருப்பேன். மயிரிழையில் தப்பினோம். அதனால்தான் எழுதுகிறேன். கார் வைத்திருப்பவர்கள் மட்டும் படிக்க வேண்டிய கட்டுரை இது என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். வீட்டில் வயதான தாய் தகப்பனை வைத்திருப்பவர்களுக்கும் இதில் ஒரு சேதி உண்டு.

மான்செஸ்டரிலிருந்து வந்த அழைப்பு

2024ஆம் ஆண்டு ஜனவரியில் ஒரு நாள். பள்ளி விட்டு வந்து, சாப்பிட்டு, மாணவர்களின் பயிற்சிப் புத்தகங்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். மணி மூன்று இருக்கும். என் தங்கை மகனிடமிருந்து தொலைபேசி வந்தது. அவன் இங்கிலாந்தில், மான்செஸ்டர் நகரத்து மருத்துவமனை ஒன்றில் தாதியர் வேலை பார்க்கிறான். நமக்கு மத்தியானம் மூன்று மணி என்றால் அவர்களுக்குக் குளிர்காலத்தில் காலை ஏழு மணி. பொழுதுகூட நன்றாக விடிந்திருக்காது.

"மாமா, வேலைக்குக் கிளம்பி நடு ரோட்டுல ஓரமா நிப்பாட்டி வெச்சிருக்கேன். காடியில ஹீட்டரைப் போட்டா ஐஸ் மாதிரி காத்து வருது. கண்ணாடி முழுக்கப் புகை படிஞ்ச மாதிரி ஆயிடுச்சு. முன்னால போற வண்டி தெரியல. கை வெறைச்சுப் போச்சு."

கண்ணாடியில் படிந்த ஈரமும் பனியும் நீங்கிப் பார்வை தெளிவான பிறகுதான் காரை எடுக்க வேண்டும் என்பது அந்த நாட்டுச் சாலை விதி. அங்கே ஹீட்டர் என்பது ஆடம்பரம் இல்லை. பிரேக்கைப் போல அதுவும் பாதுகாப்புச் சாமான். இரவு வேலை முடிந்து தூக்கக் கலக்கத்தோடு வருகிறவன், கண்ணாடி மறைத்த காரை ஓட்டினால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

முந்தின நாளே அவன் ஒரு பட்டறையில் காட்டியிருக்கிறான். ஹீட்டருக்குள் இருக்கும் பாகமே போய்விட்டது, முன்பலகை முழுவதையும் கழற்றி மாற்ற வேண்டும், அறுநூறு பவுன் ஆகும் என்று சொல்லிவிட்டார்களாம். அந்தக் காரையே அவன் எண்ணூறு பவுனுக்குத்தான் வாங்கினான்.

இதைச் சொல்லிவிட்டு, கொஞ்சம் நிறுத்தி, மெதுவாகக் கேட்டான்: "மாமா, பாட்டியை ஏத்திக்கிட்டுப் போனோமே, அன்னைக்கு ராத்திரி நம்ம காடியிலயும் இப்படித்தானே ஜில்லுனு காத்து வந்துச்சு?"

எனக்கு உடம்பு சிலிர்த்தது. "முதல்ல எஞ்சினை நிப்பாட்டு. மறுபடி ஸ்டார்ட் பண்ணாதே. ஆறட்டும். அப்புறம் தண்ணியைப் பாரு" என்றேன்.

அந்த மழை இரவு

2011ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். பள்ளி விடுமுறை. தங்கை மகன் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். அப்போது அவனுக்குப் பன்னிரண்டு வயது. வடகிழக்குப் பருவமழை மூன்று நாளாக விடாமல் பெய்துகொண்டிருந்தது. தோட்டத்துச் செம்மண் சாலை சேறாகிக் கிடந்தது.

அப்போது என்னிடம் ஒரு பழைய ஐரோப்பியக் கார் இருந்தது. ஓய்வு பெற்ற பெரிய கிராணி ஒருவரிடம் ஆறாயிரம் வெள்ளிக்கு வாங்கியது. குளிர்நாட்டு மாதிரி என்பதால் அதில் ஹீட்டர் இருந்தது. நீலக் கோட்டிலிருந்து சிவப்புக் கோட்டுக்கு ஒரு திருகை நகர்த்த வேண்டும். அதுவரை பிள்ளைகள் விளையாட்டுக்குத் திருகியதைத் தவிர வேறு யாரும் அதைத் தொட்டதில்லை.

அம்மா ஞாயிற்றுக்கிழமை முதலே "என்னமோ குளிருதுப்பா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மழை நாள்தானே என்று நான் கம்பளியை எடுத்துப் போர்த்திவிட்டேன். திங்கட்கிழமையும் "குளிருது" என்றார். பெனடோல் இரண்டு கொடுத்தேன். செவ்வாய்க்கிழமை சாப்பாடு வேண்டாம் என்று படுத்துக்கொண்டார். நான் பள்ளி வேலையாக ஏதோ எழுதிக்கொண்டிருந்தேன். படித்தவன், பயிற்சிக் கல்லூரியில் உடல்நலப் பாடம் கற்றவன், மாணவர்களுக்கு அறிவியல் சொல்லிக் கொடுக்கிறவன். என் அம்மாவின் நெற்றியை நான் தொட்டுப் பார்த்தது புதன்கிழமை இரவு பத்து மணிக்குத்தான். தொட்ட கையைச் சுட்டது. அம்மாவோ பல் கிட்டிக்கும்படி நடுங்கிக்கொண்டிருந்தார். பேச்சும் முன்னுக்குப் பின்னாக வந்தது. இறந்துபோன என் அப்பாவின் பேரைச் சொல்லி, "பிரட்டுக்கு நேரமாச்சு" என்றார்.

அவருடைய நீரிழிவு நோய்க் குறிப்பெல்லாம் கோலப்பிலா பெரிய ஆஸ்பத்திரியில் இருந்ததால் அங்கேயே கொண்டுபோவது என்று முடிவு செய்தேன். தோட்டத்திலிருந்து முப்பது கிலோமீட்டருக்கு மேல். அம்மாவைப் பின் இருக்கையில் படுக்க வைத்து, பையனின் மடியில் அவர் காலை வைத்துக் கிளம்பினேன். வீட்டிலிருந்து காருக்குத் தூக்கி வருவதற்குள் அம்மாவின் சேலை நனைந்துவிட்டது.

பகாவ் கடைத்தெருவைத் தாண்டி ஜுவாசே சாலையில் போகும்போது பையன், "மாமா, பாட்டி ரொம்ப நடுங்குறாங்க" என்றான். அப்போதுதான் ஹீட்டர் நினைவு வந்தது. 'இத்தனை வருஷம் சும்மா கிடந்தாய், இன்றைக்காவது உதவு' என்று எண்ணிக்கொண்டு திருகைச் சிவப்புக் கோட்டுக்குத் தள்ளினேன். விசிறி சுழன்றது. காற்று வந்தது. ஜில்லென்ற காற்று! ஐந்து நிமிடம் பொறுத்தேன். அப்போதும் அதே குளிர்தான். 'பழைய காரில் இது எங்கே வேலை செய்யப் போகிறது' என்று திட்டிவிட்டு நிறுத்தினேன். வெப்பத்தைக் காட்டும் முள்ளைப் பார்த்தேன். அது அடியிலேயே கிடந்தது. எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று இன்னும் வேகமாக ஓட்டினேன்.

அடுத்த பத்து நிமிடத்தில் முன்மூடியின் ஓரத்திலிருந்து ஆவி கிளம்பியது. இரும்பும் ரப்பரும் தீய்ந்த வாடை அடித்தது. எஞ்சின் இரண்டு முறை இருமி, நின்றுபோயிற்று. இரு பக்கமும் இருட்டு. கொட்டும் மழை. கைத்தொலைபேசியில் கோடே இல்லை. பின்னால் அம்மாவின் முனகல். சாலையின் நடுவில் போய் நின்று இரண்டு கையையும் ஆட்டினேன்.

எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. காய்கறிக் கூடைகளை ஏற்றி வந்த நான்கு கதவு வண்டி ஒன்று நின்றது. பெல்டா குடியேற்றத்தைச் சேர்ந்த மலாய்க்காரர். ஒரு கேள்வி கேட்கவில்லை. தாமே இறங்கி வந்து அம்மாவை என்னோடு சேர்ந்து தூக்கினார். தம் இருக்கையில் விரித்திருந்த துண்டை எடுத்து அம்மாவின் தலையைத் துவட்டினார். ஆஸ்பத்திரி வாசலில் நான் பணம் நீட்டியபோது, "உங்கள் அம்மா, என் அம்மா, எல்லாம் ஒன்றுதான்" என்று மலாயில் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் பேரைக்கூட நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. இன்றைக்கும் அது என் மனத்தில் ஒரு குறைதான்.

உள்ளே கொதிப்பு, வெளியே குளிர்

மூன்றாம் நாள், பகாவிலுள்ள சீனப் பட்டறைக்காரர் என் காரை இழுத்து வந்து திறந்து பார்த்தார். அறுபது வயதைத் தாண்டிய தவுக்கே. "சிக்கு, ஆயேர் தாடாலா!" என்றார். ஆசிரியரே, இதில் தண்ணீரே இல்லையே என்று அர்த்தம். அடிக்குழாய் ஒன்றில் ஊசிமுனை அளவுக்கு ஓட்டை. வாரக்கணக்காகச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் போயிருக்கிறது. நான் மூடியைத் திறந்து பார்த்து மாதங்கள் ஆகியிருந்தன. எப்போதாவது ஊற்றினாலும் வீட்டுக் குழாய்த் தண்ணீரைத்தான் ஊற்றுவேன். உள்ளே துருப்பிடித்துச் செங்கல் நிறத்தில் இருந்தது.

ஹீட்டரைப் போட்டுப் பார்த்தேன், குளிர்காற்றுதான் வந்தது, அதுவும் கெட்டுப்போயிருக்கிறது என்றேன் அவரிடம். தவுக்கே என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "சிக்கு, ஹீட்டர் கெட்டுப்போகவில்லை. அதுதான் உங்களுக்கு முதலில் சொல்லியிருக்கிறது" என்றார்.

அவர் விளக்கியதை, நான் வகுப்பில் சொல்வதுபோல் உங்களுக்குச் சொல்கிறேன்.

காரின் ஹீட்டருக்கென்று தனியாக ஓர் அடுப்பு கிடையாது. பெட்ரோல் எரிந்து வரும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் காரை ஓட்டுகிறது. ஒரு பங்கு புகைக்குழாய் வழியாகப் போகிறது. மிச்சமுள்ள ஒரு பங்கை, எஞ்சினைச் சுற்றி ஓடும் தண்ணீர் வாங்கிக்கொண்டு, முன்னால் இருக்கும் ரேடியேட்டருக்குப் போய் ஆறி வருகிறது. அந்தச் சுடுநீரில் கொஞ்சத்தை இரண்டு சிறு குழாய்கள் வழியாக, முன்பலகைக்குப் பின்னால் இருக்கும் ஒரு குட்டி ரேடியேட்டருக்குத் திருப்பிவிடுகிறார்கள். அதன்மேல் விசிறி காற்றை ஊதுகிறது. அந்தக் காற்றுதான் சூடாக நம் காலிலும் கண்ணாடியிலும் படுகிறது. சோறு வடித்த கஞ்சியின் சூட்டிலேயே துணிக்கும் கஞ்சி போட்டுக்கொள்வது மாதிரி, வீணாகப் போகிற வெப்பத்தில் ஒரு லாபம்.

இப்போது யோசித்துப் பாருங்கள். தண்ணீர் குறைந்தால் என்ன ஆகும்? பல கார்களில் அந்தக் குட்டி ரேடியேட்டர் மேடான இடத்தில் இருக்கிறது. மேட்டு வீட்டுக் குழாயில்தான் முதலில் தண்ணீர் நிற்கும் என்பது லயத்து வீட்டில் வாழ்ந்தவர்களுக்குத் தெரியாதா? அதுபோல, தண்ணீர் குறைந்ததும் அந்த மேட்டில்தான் காற்று போய் அடைத்துக்கொள்ளும். சுடுநீர் அங்கே போகாது. எஞ்சின் கொதித்துக்கொண்டிருக்கும், ஹீட்டரிலிருந்து குளிர்காற்று வரும்.

அப்படியானால் வெப்ப முள் ஏன் ஏறவில்லை? அதை அசைக்கும் உணரி தண்ணீரில் மூழ்கியிருந்தால்தான் சரியாகக் காட்டும். தண்ணீர் இறங்கி உணரி வெறும் காற்றில் நின்றால், எஞ்சின் தீயாய்க் கொதித்தாலும் முள் பொய் சொல்லக்கூடும். அன்று இரவு முள் பொய் சொன்னது. ஹீட்டர்தான் உண்மை சொன்னது. நான் பொய்யை நம்பி, உண்மையைத் திட்டி நிறுத்தினேன்.

குழாயின் விலை இருபத்தைந்து வெள்ளி. அதை நேரத்தில் மாற்றாததால் எஞ்சின் தலைப்பகுதி வளைந்து, கேஸ்கெட் எரிந்து, எல்லாம் சேர்த்து ஆயிரத்து இருநூறு வெள்ளி செலவாயிற்று.

மருமகன் செய்த வைத்தியம்

இனி மான்செஸ்டருக்குப் போவோம். என் மருமகனுக்கு நான் சொன்ன முறையை உங்களுக்கும் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். இங்கே ஹீட்டர் தேவைப்படாவிட்டாலும், எஞ்சின் கொதிக்கும் நோய்க்கும் ஏறக்குறைய இதே வைத்தியம்தான்.

முதலாவது, எஞ்சின் நன்றாக ஆறின பிறகே மூடியைத் திறக்க வேண்டும். உள்ளே தண்ணீர் அழுத்தத்தோடு இருக்கும். சூட்டில் திறந்தால் நூறு டிகிரிக்கு மேற்பட்ட சுடுநீர் முகத்தில் பீறிட்டு அடிக்கும். அவசரப்பட்டு வெந்துபோனவர்கள் உண்டு.

இரண்டாவது, பக்கத்தில் இருக்கும் பிளாஸ்டிக் தொட்டியில் மேல்கோடும் கீழ்கோடும் போட்டிருக்கும். தண்ணீர் இரண்டுக்கும் நடுவில் இருக்க வேண்டும். மருமகன் பார்த்தபோது கீழ்கோட்டுக்கும் கீழே வறண்டு கிடந்தது. குழாய்த் தண்ணீர் ஊற்றலாமா என்று கேட்டான். குளிர்நாட்டில் கூடாது. தண்ணீர் உறைந்து பனிக்கட்டியானால் ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்பது பங்கு பெருக்கும். எஞ்சின் இரும்பையே பிளந்துவிடும். அதனால்தான் கூலண்ட் கலக்கிறார்கள். வழக்கமான எத்திலீன் கிளைக்கால் கூலண்டையும் சுத்தமான தண்ணீரையும் பாதிக்குப் பாதி கலந்தால் பூச்சியத்துக்குக் கீழ் முப்பத்தேழு டிகிரி வரை உறையாது. நம் நாட்டில் உறையும் பயம் இல்லை. ஆனால் துருப்பிடிக்காமல் காக்கவும், சீக்கிரம் கொதித்துவிடாமல் தடுக்கவும் இங்கேயும் அது வேண்டும். என் கார் துருப்பிடித்த கதையைத்தான் சொன்னேனே.

இங்கே தாய்மார்களுக்கு ஓர் எச்சரிக்கை. அந்தக் கூலண்ட் இனிப்பாக இருக்கும். ஆனால் கொடிய விஷம். தரையில் சிந்தியதை நாயோ பூனையோ நக்கினாலும் செத்துப்போகும். பழைய பானப் போத்தலில் ஊற்றி வைக்காதீர்கள். பிள்ளைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள்.

மூன்றாவது, தண்ணீர் சரியாக இருந்தும் குளிர்காற்று வந்தால், எஞ்சின் சூடான பிறகு ஹீட்டருக்குப் போகும் இரண்டு குழாய்களையும், விசிறியிலும் பெல்ட்டிலும் கை படாமல், மெல்லத் தொட்டுப் பார்க்க வேண்டும். இரண்டும் சூடு என்றால் குட்டி ரேடியேட்டர் நன்றாகத்தான் இருக்கிறது. குளிர்காற்றையும் சூட்டுக்காற்றையும் மாற்றிவிடும் உள்கதவில் கோளாறு இருக்கலாம். ஒன்று சூடு, ஒன்று குளிர் என்றால் குட்டி ரேடியேட்டரில் அடைப்பு, அல்லது வழியிலுள்ள குழாய் திறக்கவில்லை. இரண்டுமே சூடேறவில்லை என்றால் தண்ணீர்க் குறை, அல்லது வாட்டர் பம்ப், அல்லது தெர்மோஸ்டாட்.

தெர்மோஸ்டாட் என்பது ஒரு சிறு கதவு. அதற்குள் மெழுகு இருக்கும். எண்பது, தொண்ணூறு டிகிரி சூட்டில் மெழுகு உருகிப் பெருத்துக் கதவைத் திறக்கும். அதுவரை தண்ணீரை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் எஞ்சினைச் சீக்கிரம் சூடாக்கும். அது திறந்தபடியே மாட்டிக்கொண்டால், குளிர்நாட்டில் எஞ்சின் சூடேறவே ஏறாது. ஹீட்டரிலும் வெறும் குளிர்காற்றுதான். நம் ஊரில் 'வெயில் நாட்டுக்கு இது எதற்கு' என்று சிலர் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். கழற்றினால் எஞ்சின் சரியான சூட்டுக்கு வர நேரமாகும். பெட்ரோலும் கூடுதலாகக் குடிக்கும். கழற்றாதீர்கள்.

நான்காவது, காருக்குள் இனிப்பு வாடை அடித்து, கால் விரிப்பு நனைந்து, கண்ணாடியில் பிசுபிசுப்பாகப் படிந்தால் குட்டி ரேடியேட்டரே ஒழுகுகிறது. அப்போதுதான் முன்பலகையைக் கழற்றும் அந்தப் பெரிய செலவு.

மருமகன் தொட்டியில் கூலண்ட் ஊற்றினான். கொஞ்ச தூரம் சூட்டுக்காற்று வந்தது. விளக்கில் நின்றால் மறுபடி குளிர்ந்தது. உள்ளே காற்று அடைத்திருப்பதற்கு அது அடையாளம். காரோடு வந்த புத்தகத்தில் சொன்னபடி, ஆறின எஞ்சினில் மூடியைத் திறந்து வைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, எஞ்சினை மெதுவாக ஓடவிட்டான். குமிழி குமிழியாகக் காற்று வெளியேறியது. இறங்கிய அளவுக்கு ஊற்றி மூடினான். மறுநாள் காரின் அடியில் அட்டையை விரித்து வைத்துப் பார்த்தபோது இரண்டு சொட்டு விழுந்திருந்தது. ஒரு குழாயின் கிளிப் தளர்ந்திருந்தது. கிளிப்புக்கு நான்கு பவுன், கூலண்டுக்குப் பன்னிரண்டு பவுன். அறுநூறு பவுன் மிச்சமாயிற்று.

"மாமா, கை காலெல்லாம் வெதுவெதுன்னு இருக்கு" என்று அன்று மாலை சேதி அனுப்பினான். பகாவிலிருந்து மான்செஸ்டருக்கு நான் சூடு அனுப்பியதாகவே நினைத்துக்கொண்டேன்.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். ஓடும்போது எஞ்சின் அதிகம் சூடாகிறதென்று தெரிந்தால், ஹீட்டர் உள்ள காராக இருந்தால் அதை முழுச் சூட்டில் போடுங்கள். நமக்கு வியர்த்தாலும் எஞ்சினின் சூட்டைக் கொஞ்சம் அது இழுத்துக்கொள்ளும். பாதுகாப்பான இடம் பார்த்து நிறுத்தலாம். அப்படிப் போடும்போது குளிர்காற்று வந்தால், ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்துவிடுங்கள். தண்ணீர் இல்லை என்று அது சொல்கிறது.

அம்மாவின் தண்ணீர்

அம்மாவின் கதையை முடிக்காமல் விட்டேன். ஆஸ்பத்திரியில் அன்று இரவே மருந்தும் தண்ணீரும் ஏற்றினார்கள். சிறுநீரில் கிருமி சேர்ந்து, இரத்தத்திலும் கலந்துவிட்டது என்றார் டாக்டர். காய்ச்சல் மளமளவென்று ஏறும்போது உள்ளே உடம்பு நெருப்பாக இருக்கும். நோயாளிக்கோ குளிர்வதாகத் தோன்றி நடுக்கம் வரும். வயதானவர்களுக்கு அப்படிக் குளிர் நடுக்கம் வந்தால், பேச்சுத் தடுமாறினால், கம்பளி போர்த்திக் காத்திருக்கக் கூடாது என்றார்.

அப்போது மிஸி என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "அம்மா ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிப்பார்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. என் கார் எத்தனை லிட்டர் பெட்ரோல் குடிக்கும் என்று கேட்டிருந்தால் சட்டென்று சொல்லியிருப்பேன்.

உடம்பு தேறின பிறகு அம்மாவிடமே கேட்டேன். அவர் சிரித்தபடி சொன்னார்: "நமக்கு ஏதுப்பா தண்ணி குடிக்கிற பழக்கம்? மரம் வெட்டப் போற எடத்துல பொம்பளைங்க எங்க போய் ஒதுங்குறது? ஒரு பக்கம் அட்டை, பாம்பு. இன்னொரு பக்கம் தண்டல், ஆம்பளை ஆளுங்க. காலையில நாலு மணிக்கு அரை கிளாஸ் தேத்தண்ணி. அப்புறம் பால் நிறுத்துட்டு வீட்டுக்கு வந்துதான் வாயை நனைக்கிறது. அப்படியே பழகிப் போச்சு."

வாசகர்களே, முப்பத்து நான்கு வருடம் பால்மரம் வெட்டிய கை அது. அந்த வெள்ளிக்காசில்தான் நான் படித்தேன். என்னைப் பயிற்சிக் கல்லூரிக்கு அனுப்பிய தாய், மறைவிடம் இல்லாத காரணத்தால் தாகத்தை அடக்கி அடக்கி, தாகம் என்பதே மறந்துபோனார் என்பது அதுவரை எனக்குத் தெரியாது. தோட்ட வேலையை விட்டுப் பல வருடம் ஆகி, வீட்டிலேயே குழாயும் கழிப்பறையும் வந்த பிறகும் அந்தப் பழக்கம் அவரை விடவில்லை. எங்கள் லயத்தில் அவர் வயதொத்த பெண்கள் நான்கைந்து பேரைக் கேட்டேன். எல்லாரும் அதே கதையைத்தான் சொன்னார்கள்.

அம்மா எட்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்து வீடு திரும்பினார். இன்றும் இருக்கிறார். காலையில் என் மனைவி ஒரு போத்தலில் தண்ணீர் நிரப்பி, அதில் கோடு போட்டு, அவர் நாற்காலி பக்கத்தில் வைத்துவிடுவாள். காரின் தொட்டியில் இருக்கும் மேல்கோடு, கீழ்கோடு மாதிரிதான். மாலையில் நான் பள்ளி விட்டு வந்ததும் முதலில் அதைத்தான் பார்ப்பேன். "உன் காடியைப் பாக்குற மாதிரியே என்னையும் பாக்குறியே" என்று அம்மா கேலி செய்வார். இருதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு எவ்வளவு தண்ணீர் கொடுக்கலாம் என்பதை மட்டும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எல்லாருக்கும் ஒரே அளவு இல்லை.

வகுப்பில் ஒரு பிள்ளை தலை கவிழ்ந்து தூங்கினால், முன்பெல்லாம் நான் மேசையைத் தட்டி எழுப்புவேன். இப்போது, "காலையில் என்ன சாப்பிட்டாய்? தண்ணீர் குடித்தாயா?" என்று கேட்கிறேன். பாதிப் பிள்ளைகள் ஒன்றும் குடிக்காமல்தான் வருகிறார்கள். பள்ளிக் கழிப்பறைக்குப் போகப் பயந்து தண்ணீர் குடிக்காத பெண் பிள்ளைகளும் உண்டு. அதை அறிந்த நாள் முதல், கழிப்பறைக் கதவின் தாழ்ப்பாள் சரியாக இருக்கிறதா என்று வாரத்துக்கு ஒரு முறை நானே போய்ப் பார்த்துக்கொள்கிறேன்.

இன்று ஞாயிற்றுக்கிழமையோ விடுமுறையோ என்றால், இந்தப் பக்கத்தை மூடி வைத்துவிட்டு இரண்டு காரியம் செய்யுங்கள். காரின் எஞ்சின் ஆறியிருந்தால் முன்மூடியைத் தூக்கித் தண்ணீர்த் தொட்டியைப் பாருங்கள். பிறகு உள்ளே போய், வீட்டிலிருக்கும் பெரியவரிடம் ஒரு கிளாஸ் தண்ணீர் கொடுத்து, அவர் குடித்து முடிக்கும் வரை பக்கத்தில் உட்காருங்கள். "குளிருதுப்பா" என்று அவர் சொன்னால், கம்பளியை எடுப்பதற்கு முன் நெற்றியைத் தொட்டுப் பாருங்கள்.